பெயரை நீக்கினால் போதுமா? பிரிட்டனின் குடும்ப மருத்துவப் பதிவுகளும் மருத்துவ ஆராய்ச்சியும்

2012ஆம் ஆண்டில் பிரிட்டனில் கக்குவான் இருமல் மீண்டும் தீவிரமாகப் பரவியது. தடுப்பூசி போடும் வயதை எட்டாத பச்சிளம் குழந்தைகள் அந்நோயால் இறந்தார்கள். கருவுற்ற பெண்ணுக்கு ஊசி போட்டால், அவர் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குச் சென்று, பிறந்த முதல் சில வாரங்களில் அதைக் காக்கும். ஆகவே அவ்வாண்டு அக்டோபர் முதல் கருவுற்ற பெண்களுக்கு அந்தத் தடுப்பூசி வழங்கப்பட்டது. ஆனால், புதிய மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகளில் கருவுற்ற பெண்களைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை என்பதால், இந்த ஊசி வயிற்றிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யுமா என்ற கேள்விக்கு நேரடியான சான்று மிகக் குறைவாகவே இருந்தது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஊசி போட்டுக்கொண்ட சுமார் 20,000 பெண்களின் குடும்ப மருத்துவப் பதிவுகளை, முந்தைய ஆண்டுகளில் அந்த ஊசி இல்லாமலே கருவுற்றிருந்த பெண்களின் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது. ஊசியால் குழந்தை இறந்து பிறப்பது கூடியதாக எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. முடிவுகள் 2014இல் வெளியாயின.

அந்தப் பெண்களில் ஒருவர்கூட இந்த ஆய்வுக்காக எங்கும் போகவில்லை. யாரும் படிவம் நிரப்பவில்லை. ஆய்வாளர்களுக்கு அவர்களில் ஒருவருடைய பெயரும் தெரியாது. வழக்கமான சிகிச்சையின்போது மருத்துவர்கள் கணினியில் குறித்து வைத்தவை மட்டுமே ஆய்வுக்கு அடிப்படையாக இருந்தன. இப்படி ஒரு வேலைக்காக எழுதப்பட்ட குறிப்புகளை, அவை யாரைப் பற்றியவை என்று தெரியாத வகையில் மாற்றி, வேறொரு வேலைக்குப் பயன்படுத்துவது எப்படி நடக்கிறது, அதில் நோயாளியின் ரகசியத்துக்கு உண்மையில் என்ன பாதுகாப்பு இருக்கிறது என்பதை இத்துறைக்குப் புதியவர்களுக்காக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குடும்ப மருத்துவரிடம் என்ன பதிவு இருக்கிறது?

1948இல் தொடங்கிய தேசிய சுகாதாரச் சேவையின் கீழ், பிரிட்டனில் வசிக்கும் ஏறக்குறைய எல்லோரும் ஏதாவது ஒரு குடும்ப மருத்துவ நிலையத்தில் பதிவு செய்துகொள்கிறார்கள். அங்கே பணிபுரியும் குடும்ப மருத்துவரை எல்லோரும் ஜி.பி. என்றே அழைப்பார்கள். அவசர நிலைமை அல்லாத பெரும்பாலான நோய்களுக்கு முதலில் அவரிடம்தான் போக வேண்டும். சிறப்பு மருத்துவரைப் பார்க்க அவருடைய பரிந்துரை தேவை. மருத்துவமனையில் என்ன நடந்தாலும் அதைப் பற்றிய கடிதம் அவருக்கே திரும்பி வரும். நோயாளி வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தால் பதிவும் புதிய ஜி.பி.யிடம் போய்ச் சேர்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒவ்வொருவருக்கும் பத்து இலக்க அடையாள எண் ஒன்று உண்டு. அதுவே இந்தப் பதிவுகளை ஒன்றோடொன்று இணைக்கிறது. குழந்தைப் பருவத் தடுப்பூசி முதல் முதுமையின் கடைசி மருந்துச் சீட்டு வரை ஒரே தொடர்ச்சியாக ஓரிடத்தில் சேர்ந்திருக்கும் இத்தகைய பதிவு உலகின் பல நாடுகளில் கிடையாது. ஆராய்ச்சியாளர்கள் பிரிட்டனின் ஜி.பி. பதிவுகளை இவ்வளவு மதிப்பதற்கு முதல் காரணம் இந்தத் தொடர்ச்சிதான்.

கணினி வருமுன்பே இந்தக் குறிப்புகளின் ஆற்றலை உணர்ந்தவர்கள் இருந்தார்கள். யார்க்ஷயரின் வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கில் பணியாற்றிய வில்லியம் பிக்கிள்ஸ் என்ற மருத்துவர், 1929இல் அங்கே பரவிய மஞ்சள் காமாலையை வீடு வீடாகக் குறித்து வைத்தார். யார் யாரை எந்த நாளில் சந்தித்தார்கள், அதன்பின் எத்தனை நாள் கழித்து நோய் வந்தது என்று கணக்கிட்டு, அந்நோய் உடலில் புகுந்து வெளிப்படுவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும் என்பதைக் காட்டினார். ஊரில் ஒவ்வொருவரையும் அவர் பெயர் சொல்லி அறிந்திருந்ததால்தான் அது முடிந்தது. இன்றைய ஆய்வாளர் ஒருவரையும் அறியாமல் பல லட்சம் பேரின் பதிவுகளைப் பார்க்கிறார். கேள்வி கேட்கும் முறை ஒன்றுதான்; நோயாளிக்கும் ஆய்வாளருக்கும் இடையிலான உறவு மட்டும் முற்றிலும் மாறிவிட்டது, இக்கட்டுரையில் வரும் சிக்கல்கள் எல்லாம் அந்த மாற்றத்திலிருந்து பிறந்தவை.

பதிவு எப்படி இருக்கும் என்பதை அறிந்துகொண்டால் மற்றவை எளிதில் புரியும். மருத்துவர் எழுதுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, அவர் தம் சொற்களில் தட்டச்சு செய்யும் குறிப்பு: ‘மகன் வேலை இழந்ததிலிருந்து தூக்கமில்லை என்கிறார்’ என்பது போன்றது. மற்றொன்று, குறியீடு. ஆஸ்துமாவுக்கு ஒரு குறியீடு, புகைபிடிப்பதை நிறுத்தியவர் என்பதற்கு ஒரு குறியீடு, இரத்த அழுத்த அளவுக்கு ஒரு குறியீடும் அதனோடு ஒரு எண்ணும். லஃப்பரோ நகரின் ஜி.பி.யான ஜேம்ஸ் ரீட் 1980களில் உருவாக்கிய குறியீட்டு முறை நீண்டகாலம் வழக்கில் இருந்தது. 2018 முதல் இங்கிலாந்தின் ஜி.பி. நிலையங்கள் ஸ்னோமெட் என்ற பன்னாட்டு முறைக்கு மாறின. கணினியால் எண்ணக்கூடியது குறியீடுதான் என்பதால், ஆராய்ச்சிக்குப் போவதும் பெரும்பாலும் குறியீடுதான். தேதி, குறியீடு, அளவு என்று வரிசை வரிசையாக நீளும் ஓர் அட்டவணையை மனத்தில் கொண்டால் போதும்.

பதிவுகள் திரண்ட கதை

1987இல் ஒரு மென்பொருள் நிறுவனம் ஜி.பி.க்களுக்குக் கணினிகளை வழங்கி, அதற்கு ஈடாகப் பெயர் நீக்கிய தரவைப் பெற்றுக்கொள்ளத் தொடங்கியது. 1990களில் அந்தத் தொகுப்பு அரசின் கைக்கு வந்து, 2012இல் கிளினிக்கல் பிராக்டிஸ் ரிசர்ச் டேட்டாலிங்க் என்ற பெயரைப் பெற்றது. சுருக்கமாக அதை சி.பி.ஆர்.டி. என்பார்கள். மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே அதை நடத்துகிறது. இறந்தவர்களையும் இடம் மாறியவர்களையும் சேர்த்து ஆறு கோடிக்கும் மேற்பட்டோரின் பதிவுகள் அதில் உள்ளன. இதைத் தவிர, கியூ ரிசர்ச் என்ற தொகுப்பும், காய்ச்சல் பரவலைப் பல பத்தாண்டுகளாக வாரந்தோறும் கண்காணித்து வரும், ஜி.பி.க்களின் தொழில்முறை அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் ஜெனரல் பிராக்டிஷனர்ஸின் கண்காணிப்பு மையமும் இருக்கின்றன.

இவ்வளவு பெரிய தொகுப்பு எதற்கு என்று கேட்டால், அரிதாக நடப்பதையும் தாமதமாக நடப்பதையும் அறிவதற்கு என்பதே பதில். ஒரு மருந்து அனுமதி பெறுவதற்கு முன் சில ஆயிரம் பேரிடம் சோதிக்கப்படுகிறது. அந்த மருந்து பல்லாயிரத்தில் ஒருவருக்கு மட்டும் கேடு செய்யுமானால் அந்தச் சோதனையில் அது தெரியவே தெரியாது; பத்தாண்டு கழித்து வரும் கேடும் அப்படியே. மேலும், முதியவர்கள், ஒரே சமயத்தில் நான்கைந்து நோய்களுக்கு மருந்து எடுப்பவர்கள், கருவுற்றவர்கள் ஆகியோர் சோதனைகளில் குறைவாகவே இடம்பெறுகிறார்கள். நடைமுறையில் மருந்தை விழுங்குபவர்களில் அவர்களே ஏராளம்.

இந்த ஆற்றல் வெளிப்பட்ட ஒரு நிகழ்வைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா ஆகிய மூன்றுக்கும் எதிரான எம்.எம்.ஆர். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திப் பேசிய ஒரு கட்டுரை, 12 குழந்தைகளை மட்டும் வைத்து 1998இல் வெளியானது. அதன் விளைவாகப் பெற்றோர்கள் அஞ்சினார்கள். தடுப்பூசி போடுவது குறைந்தது. 2004இல் லண்டனைச் சேர்ந்த ஆய்வாளர்கள், சி.பி.ஆர்.டி.யின் முந்தைய வடிவமான தொகுப்பிலிருந்து, ஆட்டிசம் உள்ளிட்ட வளர்ச்சிக் குறைபாடுகள் பதிவாகியிருந்த 1,294 பேரையும், அதே வயதும் பாலினமும் கொண்ட, அதே மருத்துவ நிலையங்களில் பதிவு செய்திருந்த, அத்தகைய குறைபாடு இல்லாத 4,469 பேரையும் ஒப்பிட்டார்கள். தடுப்பூசி போட்டவர்களின் விகிதம் முதல் குழுவில் கூடுதலாக இல்லை. 1998இல் வந்த கட்டுரையை அதை வெளியிட்ட இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. பயத்துக்கு விடை சொல்ல வேண்டிய தருணத்தில் புதிதாக ஓர் ஆய்வைத் தொடங்கி ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய தேவை இல்லாமல், விடை ஏற்கெனவே குறிப்புகளில் உறங்கிக் கிடந்தது. பொதுநலன் என்று இத்துறையில் பேசும்போது நான் முதலில் நினைப்பது இதைத்தான்.

சில ஆய்வுகளின் பயன் நேராக மருத்துவரின் மேசைக்கே திரும்பி வருகிறது. அடுத்த பத்தாண்டுகளில் ஒருவருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு எவ்வளவு என்பதை ஜி.பி. கணினியில் கணக்கிட்டுச் சொல்லும் கியூ ரிஸ்க் என்ற கருவி, கியூ ரிசர்ச் தொகுப்பிலிருந்து உருவாகி 2007இல் வெளியானது.

அடையாளத்தை எப்படி நீக்குகிறார்கள்?

முதல் படி எல்லோரும் ஊகிக்கக்கூடியது. பெயர், முகவரி, தொலைபேசி எண், பத்து இலக்க அடையாள எண் ஆகியவை ஆய்வாளருக்குப் போகும் தரவில் இருப்பதில்லை. அவற்றுக்குப் பதிலாக, பொருளற்ற ஒரு மாற்றுக் குறியீடு வைக்கப்படுகிறது. ஒரே நபரின் வரிகளெல்லாம் ஒரே நபருடையவை என்று அறிவதற்கு மட்டுமே அது உதவும். பிறந்த தேதி பிறந்த ஆண்டாகச் சுருக்கப்படுகிறது. குழந்தைகளுக்கு மட்டும், ஒரு மாத வித்தியாசமும் மருத்துவ ரீதியில் முக்கியம் என்பதால், மாதம் விட்டுவைக்கப்படுகிறது. மருத்துவ நிலையத்தின் பெயரும் இருக்காது. நாட்டின் எந்தப் பகுதி என்பது மட்டும் தெரியும். மருத்துவர் தம் சொற்களில் எழுதிய குறிப்பை சி.பி.ஆர்.டி. எடுத்துக்கொள்வதே இல்லை, ஏனென்றால் அதில்தான் மகனின் பெயரோ பணியிடத்தின் பெயரோ தற்செயலாக நுழைந்திருக்கும்.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். ஜி.பி. பதிவை மருத்துவமனைப் பதிவோடும் இறப்புப் பதிவோடும் இணைக்காவிட்டால் பல கேள்விகளுக்கு விடை கிடைக்காது. அடையாளமே இல்லாதபோது எப்படி இணைப்பது? இதற்காக ஒரு மூன்றாம் தரப்பை இடையில் வைக்கிறார்கள். அந்தத் தரப்பிடம் அடையாள எண், பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகியவை போகும். நோயைப் பற்றிய விவரம் எதுவும் போகாது. எந்த மாற்றுக் குறியீடு எந்த மாற்றுக் குறியீட்டோடு பொருந்துகிறது என்ற பட்டியலை மட்டும் அது திருப்பித் தரும். ஆய்வாளருக்கு நோய் விவரம் வரும், அடையாளம் வராது. ஆக, அடையாளத்தை அறிந்தவருக்கு நோய் தெரியாது, நோயை அறிந்தவருக்கு அடையாளம் தெரியாது. ஒருவர் வசிக்கும் பகுதி எவ்வளவு வறியது என்ற தகவலும் இதே வழியில், அஞ்சல் குறியீடு வெளிப்படாமல், வறுமைத் தரவரிசை எண்ணாக மட்டும் வந்து சேர்கிறது.

இவ்வளவும் செய்தபின் அந்தப் பதிவு யாருடையது என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாதா? முடியும் என்பதே நேர்மையான பதில். முகத்தை முழுவதும் மூடிக்கொண்டு ஒருவர் தெருவில் போனாலும், பழகியவர்கள் நடையை வைத்து ஆளைச் சொல்லிவிடுவார்கள். இன்ன ஆண்டில் பிறந்தவர், இன்ன மாதங்களில் மூன்று குழந்தைகளைப் பெற்றவர், இன்ன நாளில் கை எலும்பு முறிந்தவர், அரிய நோய் ஒன்று உள்ளவர் என்ற நான்கு தகவல்களும் ஒருசேரப் பொருந்துகிறவர் நாட்டில் ஒருவராகத்தான் இருப்பார். அவரை அறிந்த உறவினரோ உடன் பணிபுரிபவரோ அந்த வரிகளைப் பார்க்க நேர்ந்தால், தமக்குத் தெரிந்த நான்கிலிருந்து தமக்குத் தெரியாத நூறை அறிந்துகொள்வார்.

இது வெறும் கற்பனை அன்று என்பதற்குப் பெரிதும் மேற்கோள் காட்டப்படும் நிகழ்வு அமெரிக்காவில் நடந்தது. மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்களின் மருத்துவமனைப் பதிவுகள் 1990களில் பெயர் நீக்கப்பட்டு ஆய்வாளர்களுக்குக் கொடுக்கப்பட்டன; பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகியவை அதில் அப்படியே இருந்தன. அப்போது மாணவியாக இருந்த லட்டானியா ஸ்வீனி, எவரும் விலை கொடுத்து வாங்கக்கூடிய வாக்காளர் பட்டியலை வாங்கி இரண்டையும் ஒப்பிட்டார். மாநில ஆளுநராக இருந்த வில்லியம் வெல்டின் பிறந்த தேதியைக் கொண்டவர்கள் அவருடைய நகரில் ஆறு பேர். அவர்களில் ஆண்கள் மூவர். அவருடைய அஞ்சல் குறியீட்டில் வசித்தவர் ஒருவரே. ஆளுநரின் மருத்துவப் பதிவு கைக்கு வந்துவிட்டது. பிறந்த தேதியை ஆண்டாகச் சுருக்குவதும், அஞ்சல் குறியீட்டை மறைப்பதும் ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

ஆனால் சுருக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. தேதிகளை எல்லாம் அழித்துவிட்டால் தடுப்பூசி முதலில் வந்ததா, நோய் முதலில் வந்ததா என்று கேட்க முடியாது. அரிய நோய்களை எல்லாம் நீக்கிவிட்டால் அரிய பக்கவிளைவுகளைத் தேட முடியாது. எந்த விவரம் ஒரு பதிவை ஆராய்ச்சிக்குப் பயனுள்ளதாக ஆக்குகிறதோ, அதே விவரம்தான் அதற்குரியவரைக் காட்டிக்கொடுக்கவும் கூடியது. ஆகையால் இந்தத் துறையின் எல்லாப் பாதுகாப்பையும் ‘பெயர் நீக்கப்பட்டது’ என்ற ஒரு சொற்றொடரின் மேல் ஏற்றிவைத்துப் பேசுவதை நான் ஏற்பதில்லை. பெயரை நீக்குவது தேவையான முதல் படி. உண்மையான பாதுகாப்பு, யார் பார்க்கிறார்கள், எதற்காகப் பார்க்கிறார்கள், எங்கே வைத்துப் பார்க்கிறார்கள், பார்த்தபின் எதை வெளியே எடுத்துச் செல்கிறார்கள் என்பவற்றில் இருக்கிறது. சட்டமும் இப்படித்தான் பார்க்கிறது: மாற்றுக் குறியீடு வைத்த தரவு, அதைத் திரும்ப அடையாளத்தோடு இணைக்க வல்லவர்களின் கையில் இருக்கும் வரை, தனிநபர் தரவாகவே கருதப்படும். அடையாளம் நீக்கிய தரவை உரிய பொறுப்பாளரின் ஒப்புதலின்றி தெரிந்தே மீண்டும் அடையாளம் காண்பது 2018ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம்.

தரவை அனுப்பாமல் கேள்வியை அனுப்புதல்

நீண்டகாலம் நடைமுறையில் இருந்த வழி, அனுமதி பெற்ற ஆய்வாளருக்குத் தேவையான பகுதியைப் பிரித்தெடுத்து அவருடைய பல்கலைக்கழகத்துக்கோ நிறுவனத்துக்கோ அனுப்பிவைப்பது. ஒப்பந்தம் இருக்கும், தண்டனை விதி இருக்கும். ஆயினும் ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் ஒரு பிரதி கூடுகிறது, பிரதி கூடக் கூடக் கண்காணிப்பு கடினமாகிறது. இப்போது பரவலாக ஏற்கப்பட்டுவரும் வழி இதற்கு நேர்மாறானது. தரவு தன் இடத்தை விட்டு நகராது. ஆய்வாளர்தான் அந்தப் பாதுகாப்பான கணினிச் சூழலுக்குள் நுழைந்து வேலை செய்து, பதிவுகளை அங்கேயே விட்டுவிட்டு முடிவுகளோடு வெளியே வர வேண்டும்.

இந்த எண்ணத்தை மிகத் தொலைவுக்குக் கொண்டுசென்றது, 2020இல் கொரோனா பரவலின்போது பென் கோல்டேக்கர், லியாம் ஸ்மீத் ஆகியோரின் குழுக்கள் உருவாக்கிய ஓப்பன் சேஃப்லி என்ற தளம். இங்கிலாந்தின் ஜி.பி. நிலையங்களுக்கு மென்பொருள் வழங்கும் நிறுவனத்தின் கணினி மையத்தில், பதிவுகள் ஏற்கெனவே இருந்த இடத்திலேயே அது அமைக்கப்பட்டது. அதில் ஆய்வாளர் உண்மையான பதிவு ஒன்றைக்கூடக் கண்ணால் பார்ப்பதில்லை. அவருக்குக் கிடைப்பது உண்மைத் தரவைப் போன்ற அமைப்புடைய போலித் தரவு. அதை வைத்துக் கணக்கிடும் நிரலை எழுதிச் சரிபார்த்தபின், நிரல் மட்டும் உள்ளே அனுப்பப்படுகிறது. அது உண்மைப் பதிவுகளின் மேல் இயங்கி, தொகை எண்களையும் அட்டவணைகளையும் தருகிறது. அவற்றையும் வேறொருவர் சரிபார்த்த பின்பே வெளியே விடுகிறார்கள். மிகச் சிறிய எண்கள் வெளியே வராமல் மறைக்கப்படும், ஏனென்றால் ‘இந்தப் பகுதியில் இந்த நோய் உள்ளவர் ஒருவர்’ என்ற எண்ணே ஆளைக் காட்டிவிடக்கூடும். இயங்கிய நிரல்கள் எல்லாம் எவரும் பார்க்கும்படி வெளியிடப்படுகின்றன. நோயாளி மறைவாகவும் ஆய்வாளர் வெளிப்படையாகவும் இருக்க வேண்டும் என்ற இந்த ஏற்பாடு, நான் அறிந்தவற்றில் மிக நியாயமானது.

இதனால் ஆய்வு தாமதமாகிவிடுமோ என்ற கவலைக்கு அந்தத் தளத்தின் முதல் ஆய்வே விடை சொன்னது. 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட வயதுவந்தோரின் பதிவுகளிலும் அவர்களிடையே நேர்ந்த 10,926 கொரோனா இறப்புகளிலும் நடந்த கணக்கீடு சில வாரங்களிலேயே முடிந்து, 2020 ஜூலையில் நேச்சர் இதழில் வெளியானது. முதுமை, ஆண்பால், வறுமை, கட்டுக்குள் இல்லாத நீரிழிவு ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன என்பதோடு, கறுப்பின மக்களும் தெற்காசிய வம்சாவளியினரும் பிறரைவிடக் கூடுதலாக இறக்கிறார்கள் என்பதையும், மற்ற நோய்களைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பின்பும் அந்த வேறுபாடு முழுவதும் மறையவில்லை என்பதையும் அது காட்டியது.

பதிவு சொல்வதும் சொல்லாததும்

கோடிக்கணக்கான வரிகள் இருப்பதாலேயே விடை சரியாகிவிடாது. பதிவில் இல்லாதது நடக்கவே இல்லை என்று பொருளாகாது. நோயாளி மருத்துவரிடம் போகவில்லை என்றோ, மருத்துவர் குறிக்கவில்லை என்றோ இருக்கலாம். மருந்துச் சீட்டு எழுதப்பட்டது பதிவில் இருக்கும். மாத்திரை விழுங்கப்பட்டதா என்பது இருக்காது. கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிய வலி மாத்திரை எங்கும் பதிவாகாது. 2004இல் குறிப்பிட்ட சில தகவல்களைப் பதிவு செய்யும் ஜி.பி. நிலையங்களுக்கு ஊக்கத்தொகை வழங்கும் திட்டம் வந்தபின், புகைபிடிக்கும் பழக்கம் போன்றவை முன்பைவிட முழுமையாகப் பதிவாகத் தொடங்கின. இதை அறியாமல் வரைபடத்தைப் பார்ப்பவர், மாறியது மக்களின் பழக்கம் என்று தவறாக எண்ணக்கூடும்.

இவற்றையெல்லாம்விட நுட்பமான ஒரு பொறி உண்டு. வயிற்றில் புற்றுநோய் தொடங்கியிருக்கிறது, ஆனால் இன்னும் எவருக்கும் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். வயிற்று எரிச்சல் என்று நோயாளி ஜி.பி.யிடம் போகிறார், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கிடைக்கிறது, சில மாதங்களில் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. பதிவில் மாத்திரை முதலிலும் புற்றுநோய் பின்னாலும் இருக்கும். தேதிகளை மட்டும் நம்பும் கணினி, மாத்திரையால் புற்றுநோய் வந்தது என்று சொல்லிவிடும். இதைத் தவிர்க்க, நோய் கண்டறியப்படுவதற்கு முந்தைய ஓராண்டில் எழுதப்பட்ட மருந்துகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுப் பார்ப்பது போன்ற வழிகளை ஆய்வாளர்கள் கையாளுகிறார்கள். ஆகவே இத்துறையில் புள்ளியியல் தெரிந்தவர் மட்டும் போதாது, ஜி.பி.யின் அறையில் என்ன நடக்கும், எந்தக் குறியீட்டை அவர் எந்தச் சூழலில் தேர்ந்தெடுப்பார் என்று அறிந்தவரும் உடன் இருக்க வேண்டும்.

நோயாளியிடம் ஏன் கேட்பதில்லை?

மருத்துவரின் அறையில் அவரிடம் மட்டும் நான் சொன்னதை என்னைக் கேட்காமல் பிறருக்குக் கொடுப்பது முறையா என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. கோடிக்கணக்கானோரிடம் தனித்தனியே ஒப்புதல் கேட்பது நடைமுறையில் இயலாது என்பது ஒரு விடை. கேட்டாலும், பதில் எழுதுபவர்கள் பதில் எழுதாதவர்களைவிட நலமானவர்களாகவும் வசதியுள்ளவர்களாகவும் இருப்பார்கள். ஆய்வின் முடிவு அவர்களுக்கே பொருந்தும் என்பது இரண்டாவது விடை. இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1999இல், அடையாளம் நீக்கிய மருந்துச் சீட்டுத் தகவலைப் பிறருக்குக் கொடுப்பது நோயாளியின் ரகசியத்தை மீறுவதாகாது என்று தீர்ப்பளித்தது. அடையாளம் உள்ள தரவு ஒப்புதலின்றித் தேவைப்படும் சூழலில் மட்டும், 2006ஆம் ஆண்டின் சுகாதாரச் சேவைச் சட்டத்தின் 251ஆம் பிரிவின் கீழ், ஆலோசனைக் குழு ஒன்று ஒவ்வொரு விண்ணப்பத்தையும் ஆராய்ந்த பின்பே அனுமதி தரப்படுகிறது.

சட்டப்படி சரியாக இருந்தும் மக்களின் நம்பிக்கையை இழந்த இரு நிகழ்வுகளை இங்கே சொல்லியாக வேண்டும். இங்கிலாந்து முழுவதிலும் உள்ள ஜி.பி. பதிவுகளை மையத்தில் சேர்க்கும் கேர்.டேட்டா என்ற திட்டம் 2013இல் அறிவிக்கப்பட்டது. வீடுகளுக்கு வந்த துண்டறிக்கையைப் பலர் கவனிக்கவே இல்லை. கவனித்தவர்களுக்கும் அதில் தெளிவான விவரம் இல்லை. அதே வேளையில், முன்பொருமுறை மருத்துவமனைத் தரவு காப்பீட்டுத் துறையின் கணிப்பாளர்களுக்கு விற்கப்பட்டிருந்தது என்ற செய்தி வெளியாகி மக்களைக் கொதிக்கச் செய்தது. 2014 பிப்ரவரியில் நிறுத்திவைக்கப்பட்ட அந்தத் திட்டம் 2016இல் முற்றிலும் கைவிடப்பட்டது. 2021 மே மாதத்தில் இதைப் போன்ற மற்றொரு திட்டம் அறிவிக்கப்பட்டு, விலக விரும்புவோருக்குச் சில வாரங்களே அவகாசம் தரப்பட்டது. எதிர்ப்பு எழுந்தது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் விலகினார்கள், திட்டம் காலவரையறையின்றி ஒத்திவைக்கப்பட்டது. இவ்விரண்டிலும் கணினித் தொழில்நுட்பம் காரணமன்று. யாருக்கு, எதற்கு, என்ன ஆதாயத்துக்காக என்ற மூன்றையும் முன்கூட்டியே சொல்லாததுதான் காரணம். இப்படி விலகுகிறவர்கள் சமூகத்தின் எல்லாப் பிரிவுகளிலிருந்தும் ஒரே அளவில் விலகுவதில்லை என்பதால், இழந்த நம்பிக்கை ஆய்வின் சரித்தன்மையையும் சேர்த்தே குறைக்கிறது.

இங்கிலாந்தில் விலகுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. தம் பதிவு சிகிச்சை அல்லாத வேறு தேவைக்காக ஜி.பி. நிலையத்தை விட்டே வெளியேறக் கூடாது என்று விரும்புபவர் அந்த நிலையத்தில் ஒரு படிவம் கொடுக்கலாம். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த தேசிய அளவிலான விலகல் வேறு. அது அடையாளம் தெரியக்கூடிய நோயாளித் தரவு ஆராய்ச்சிக்கும் திட்டமிடலுக்கும் பயன்படுவதைத் தடுக்கும். அடையாளம் நீக்கிய தரவுக்கு இது பொருந்தாது. பலர் இதைச் செய்துவிட்டால் எல்லாமே நின்றுவிடும் என்று நம்புகிறார்கள். இந்த வேறுபாட்டை ஒவ்வொரு ஜி.பி. நிலையமும் எளிய மொழியில் சுவரில் எழுதிவைக்க வேண்டும் என்பது என் கருத்து.

மருந்து நிறுவனங்களும் இந்தத் தரவைப் பயன்படுத்துகின்றனவா என்பது எப்போதும் எழும் கேள்வி. பயன்படுத்துகின்றன; சி.பி.ஆர்.டி.க்குக் கட்டணம் செலுத்தி, பல்கலைக்கழகங்களைப் போலவே ஒவ்வோர் ஆய்வுத் திட்டத்துக்கும் ஒப்புதல் பெற்ற பிறகு. தங்கள் மருந்தின் பக்கவிளைவுகளைத் தொடர்ந்து கண்காணிக்கும் கடமை அவற்றுக்கு உண்டு, அந்தக் கடமைக்கு இத்தகைய பதிவுகள் தேவைப்படுகின்றன. சி.பி.ஆர்.டி. தான் அனுமதித்த ஆய்வுகளின் பட்டியலை, ஒவ்வொன்றுக்கும் பொதுமக்களுக்குப் புரியும் சுருக்கத்தோடு, இணையத்தில் வெளியிடுகிறது. கேள்வி என்ன, கேட்பவர் யார், அதனால் நோயாளிகளுக்கு என்ன பயன் என்ற விவரங்களை, தம் பதிவு அந்தத் தொகுப்பில் இருக்கக்கூடிய எவரும் அங்கே வாசித்து அறியலாம்.